சமூகத்தின் சம்மதம் பெற்ற வரலாறு

நெருப்பு, சக்கரம், எழுத்து ஆகியவற்றுக்கு அடுத்தபடியாக மனித குலம் கண்டுபிடித்த மகத்தான விஷயம், ஒரு ஊரை ஆராய்ச்சி செய்வதற்கு முன்னால் அந்த ஊர்க்காரர்களை ஒரு வார்த்தை கேட்பது. இந்தக் கண்டுபிடிப்பு வட துருவத்தில் நிகழ்ந்தது. தமிழ்நாட்டில் அது வந்து இறங்கிய இடம் இரும்புலியூர். ஜி.எஸ்.டி. ரோட்டில், ஒரு இனிப்புக் கடையின் மாடியில் இயங்கும் ‘துருவ–தென்கடல் மரபறிவு ஆய்வு நிலையம்’தான் அதை இறக்கி வைத்தது. நிலையத்தின் மக்கள் தொடர்பு அலுவலர் என்ற முறையில் அந்த வரலாற்றை எழுதும் பொறுப்பு என் மேல் விழுந்திருக்கிறது. என் பெயர் பூவராகன். மக்களோடு எனக்கு எந்தத் தொடர்பும் கிடையாது. அதனால் நடுநிலையோடு எழுத முடியும்.

எங்கள் இயக்குநர் டாக்டர் தோத்தாத்ரி. மார்கழியில் மப்ளர் இல்லாமல் பால் வாங்கக்கூடப் போகாதவர், ஒரு மாநாட்டுக்காகக் கனடாவின் வடகோடிக்குப் போய் வந்தார். அங்கே இனுயிட் மக்கள், பனிக்கடலின் ஓரத்தில் தலைமுறை தலைமுறையாக வேட்டையாடியும் மீன் பிடித்தும் வாழ்கிறவர்கள், ஒரு வழக்கத்தை ஏற்படுத்தி வைத்திருந்தார்கள். பனி உருகுவதையோ, திமிங்கலத்தையோ, கரடியையோ ஆராய வருகிற விஞ்ஞானி முதலில் ஊர்ச் சங்கத்தின் முன்னால் வந்து உட்கார வேண்டும். என்ன செய்யப் போகிறார், ஏன், அதனால் ஊருக்கு என்ன என்று சொல்ல வேண்டும். ஊர்க்காரர்களுக்குத் தெரிந்ததும் ஆராய்ச்சியில் அறிவாகவே கணக்கில் வரும். ஊர் சரி என்றால் வேலை ஆரம்பம். இல்லாவிட்டால் அடுத்த விமானம்.

திரும்பி வந்ததும் இயக்குநர் என்னைக் கூப்பிட்டார். கண்கள் கலங்கியிருந்தன.

“பூவராகன், அங்க ஒருத்தர் எழுந்து நின்னு, ‘எங்களைக் கேக்காம எங்களைப் பத்தி எழுதாதீங்கோ’ன்னார். எனக்கு உடம்பே சிலிர்த்துப் போச்சு. ராத்திரியோட ராத்திரியா அவரைப் பத்தி ஒரு கட்டுரை எழுதி அனுப்பிட்டேன்.”

“அவரைக் கேட்டீங்களா சார்?”

“ஃபிளைட்டுக்கு நேரமாயிடுத்து.”

அந்தக் கட்டுரையைப் படித்து நெகிழ்ந்த வெளிநாட்டு அறக்கட்டளை ஒன்று எங்களுக்கு நிதி தர முன்வந்தது. கோவளத்துக்குத் தெற்கே செல்லியம்மன் குப்பம் என்று ஒரு மீனவர் குடியிருப்பு. அதன் கடற்கரையில் ‘மீனவர் மரபறிவுப் பாதுகாப்பு மையம்’ கட்ட வேண்டும். நிபந்தனை ஒன்றுதான். வட துருவ முறைப்படி, கடலோரச் சமூகத்திலிருந்து ஒருவர் ‘இணை ஆய்வாளராக’ எல்லாக் கூட்டங்களிலும் உட்கார வேண்டும். அவர் சம்மதம் இல்லாமல் ஒரு செங்கல்லும் வைக்கக் கூடாது.

“சமூகத்துக்கு இப்போ எங்க போறது?” என்று கவலைப்பட்டார் இயக்குநர்.

“கீழதான் சார் இருக்காங்க,” என்றாள் ஸ்ம்ருதி. அவள் எங்கள் ஆராய்ச்சி உதவியாளர். ஜன்னல் வழியாக எட்டிப் பார்க்கும் கெட்ட பழக்கம் அவளுக்கு உண்டு.

கீழே, இனிப்புக் கடைக்குப் பக்கத்துச் சந்து முனையில், ஜெயக்கொடி கூடை வைத்து மீன் விற்றுக்கொண்டிருந்தார். செல்லியம்மன் குப்பத்துக்காரர். கணவர் குணா ஃபைபர் படகில் கடலுக்குப் போகிறவர். காலையில் கரைக்கு வந்த மீனை ஜெயக்கொடி கேளம்பாக்கம், வண்டலூர் வழியாக பஸ்ஸில் கொண்டுவந்து இரும்புலியூரில் விற்பார். அவரை அந்த முனையிலிருந்து அகற்றும்படி எங்கள் இயக்குநர் மாநகராட்சிக்குப் பலமுறை எழுதியிருந்தார். அந்த மனுக்களில் ‘துர்நாற்றம்’ என்று இருந்தது, அன்று மதியம் முதல் எங்கள் ஆவணங்களில் ‘கடலின் மணம்’ ஆயிற்று.

ஜெயக்கொடி கையைத் துடைத்துக்கொண்டு மாடிக்கு வந்தார்.

“இன்னா வேல சார் இது?”

“வேலை இல்லைம்மா. பங்கேற்பு.”

“பங்கேத்துகினு இன்னா பண்ணணும்?”

“உங்க கருத்தைச் சொல்லணும்.”

“சொன்னா கேப்பீங்களா?”

“கேக்கறதுதான் ப்ராஜெக்டே,” என்றார் இயக்குநர்.

ஜெயக்கொடி எங்கள் எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். கூடையில் மீனைப் புரட்டி விலை கேட்டுவிட்டு வாங்காமல் போகிறவர்களை அவர் அப்படித்தான் பார்ப்பார் என்று பிறகு ஸ்ம்ருதி சொன்னாள்.

முதல் கூட்டத்திலேயே மரபறிவுச் சேகரிப்பு தொடங்கிற்று. இயக்குநர் நாற்காலியின் நுனிக்கு வந்து, குரலைத் தாழ்த்தி, “கடல்ல காத்து மாறப் போறதுன்னு உங்களுக்கெல்லாம் எப்படிம்மா தெரியறது?” என்று கேட்டார்.

“போன்ல போட்டுட்றான் சார்.”

“அது இல்லை. அதுக்கு முன்னாடி. பரம்பரையா.”

“முன்னாடி ரேடியோல சொல்லுவான்.”

“வானத்தைப் பார்த்து, நட்சத்திரத்தைப் பார்த்து…”

“அதெல்லாம் என் வூட்டுக்காரரு பாப்பாரு. பாத்துட்டு போனையும் பாப்பாரு. ரெண்டும் ஒண்ணா சொன்னாத்தான் போவாரு. இல்லன்னா வூட்லயே தூங்கிடுவாரு.”

இயக்குநருக்குச் சற்று ஏமாற்றம்தான். ஆனாலும் குறிப்பில், ‘கையடக்கக் கருவி ஒன்றின் துணையோடு காற்றைக் கணிக்கும் தொல்மரபு இன்றும் வழக்கில் உள்ளது’ என்று பதிவு செய்தோம்.

இந்த நிலையில்தான் வட துருவத்திலிருந்து விருந்தினர் வந்தார். இனுயிட் பெண்மணி. தன் ஊரின் வேட்டைக்காரர் சங்கத்தில், வருகிற விஞ்ஞானிகளோடு பேசி முடிவெடுக்கிற பொறுப்பில் இருப்பவர். அவரை வரவேற்க ஏ.சி.யை ஆகக் குறைந்த எண்ணில் வைத்தோம். வரவேற்புப் பலகையில் பென்குவின் வரைந்தோம். அவர் பலகையைப் பார்த்தார்.

“இந்தப் பறவை எங்க பக்கத்துல கிடையாது. இது தென் துருவத்துல இருக்கறது,” என்றார்.

“பரவாயில்லை. இதுவும் நம்ம விருந்தாளியா இருக்கட்டும்,” என்றார் இயக்குநர்.

பெரிய சிக்கல் பெயரில் வந்தது. விருந்தினரின் பெயர் கெசியா. எங்கள் அலுவலக டைப்பிஸ்ட், தாம்பரத்திலேயே பிறந்து தாம்பரத்திலேயே படித்து தாம்பரத்திலேயே கல்யாணம் செய்துகொண்ட அம்மாள், அவர் பெயரும் கெசியா.

“உங்க நிஜப் பேரு என்ன?” என்று இயக்குநர் விருந்தினரிடம் மென்மையாக விசாரித்தார்.

“இதுதான். எங்கம்மாவோட அம்மா பேரு.”

“இல்லை, பாரம்பரியமா ஏதாவது…”

“அவங்க அம்மா பேரும் இதுதான்.”

அயல்நாட்டுத் தன்மை கெட்டுவிடக் கூடாது என்பதற்காக, விருந்தினர் ஊருக்குத் திரும்பும் வரை எங்கள் கெசியாவை ‘டைப்பிஸ்ட் அம்மா’ என்று மட்டுமே அழைக்க வேண்டும் எனச் சுற்றறிக்கை விட்டோம். அதை டைப் செய்ததும் அவர்தான்.

அடுத்து இயக்குநர், பனிக்கு அவர்கள் மொழியில் எத்தனை வார்த்தை என்று கேட்டார். கெசியா பெருமூச்சு விட்டார்.

“நிறைய இருக்கு. இந்தக் கேள்வியைக் கேக்காத விஞ்ஞானிக்குத்தான் எங்ககிட்ட வார்த்தை இல்லை. அப்படி ஒருத்தர் இன்னும் வரலை,” என்றவர், “அந்த ஏ.சி.யைக் கொஞ்சம் நிறுத்த முடியுமா? இந்தப் பொண்ணு நடுங்கறா,” என்று ஸ்ம்ருதியைக் காட்டினார்.

மறுநாள் காலை எல்லாரும் வேனில் செல்லியம்மன் குப்பத்துக்குப் போனோம். கடற்கரையில் இயக்குநர் ஒரு மணல் மேட்டில் ஏறி நின்று கையை வீசிக் காட்டினார்.

“இந்தக் காலி இடத்துலதான் மையம் வரப் போறது. கண்ணாடிச் சுவர், ஒலி அரங்கம், பின்னாடி சின்னதா ஒரு காபி கடை.”

ஜெயக்கொடி அந்த மணலைப் பார்த்தார். பிறகு கடலைப் பார்த்தார்.

“காலி இடமா? போட்டெல்லாம் கடலுக்குப் போயிகீது சார். வந்தா எங்க நிக்கும்?”

“இப்போ ஒண்ணும் இல்லையேம்மா.”

“நீங்க ஆபீசுக்குப் பூட்டா உங்க வூடும் காலியாத்தான் கீது. அங்க கட்டுவீங்களா?”

இயக்குநர் சிரித்தார். நாங்களும் சிரித்தோம். ஜெயக்கொடி சிரிக்கவில்லை.

“வடக்கால அலைக்குன்னு கல்லு கொட்டிட்டான். தெக்கால ரிசார்ட்டுக்காரன் வேலி போட்டுகினான். போட்டு ஏத்தறதுக்குன்னு எங்களுக்குக் கீறது இந்த மணலு ஒண்ணுதான். இங்க ஒண்ணும் வாணாம் சார். எங்க குப்பத்துல எல்லாரையும் கேட்டுட்டுத்தான் சொல்றேன். வாணாம்.”

ஸ்ம்ருதி அதை ஆங்கிலத்தில் கெசியாவுக்குச் சொன்னாள். கெசியா தலையாட்டினார்.

“எங்க ஊருக்கு ஒருத்தர் வந்தார்,” என்று அவர் இயக்குநரிடம் சொன்னார். “பனிக்கரடிக்கு மயக்க ஊசி போட்டு, கழுத்துல பட்டை மாட்டி, அது எங்க போகுதுன்னு பாக்கணும்னார். நாங்க கரடிக் கறி சாப்பிடறவங்க. மருந்து ஏறின கரடியை எப்படிச் சாப்பிடறது? சங்கம் வேண்டாம்னு சொல்லிடுச்சு. அவர் கோவிச்சுக்கிட்டுப் போனார். அடுத்த வருஷம் திரும்பி வந்து, ‘உங்களுக்கு என்ன தெரிஞ்சுக்கணும்’னு கேட்டார். கப்பல் சத்தத்துல நாங்க வேட்டையாடற சீல் விலங்குங்க எங்க ஓடுதுன்னு தெரியணும்னோம். எங்க ஆளுங்களோட சேர்ந்து அவர் அதைத்தான் ஆராய்ச்சி பண்ணார். நல்ல மனுஷன். இப்பவும் வருவார்.”

“அற்புதம்,” என்றார் இயக்குநர். “பூவராகன், எழுதிக்கோங்கோ. அப்போ, மேடம், இந்தம்மா சொன்னதை உங்க மரபறிவுப்படி எப்படிப் புரிஞ்சுக்கறது?”

“வேண்டாம்னு சொல்றாங்க. வேண்டாம்னு புரிஞ்சுக்கலாம்.”

இத்தனை எளிமையான விளக்கத்தை எந்த ஆராய்ச்சிப் பத்திரிகையும் ஏற்காது என்று இயக்குநர் என் காதில் கவலைப்பட்டார்.

மதியம் ஜெயக்கொடியின் வீட்டில் சாப்பாடு. இயக்குநர் வேனிலேயே தயிர்சாதம் சாப்பிட்டார். கெசியா குழம்பிலிருந்து மீன் தலையை எடுத்துக்கொண்டு, கண்ணைக்கூட விடாமல் சாப்பிட்டார். ஜெயக்கொடிக்கு அதில் பெரிய மரியாதை ஏற்பட்டது. இரண்டாவது தலையையும் அவருக்கே வைத்தார். நடுவில் ஸ்ம்ருதி உட்கார்ந்து இரு பக்கமும் மொழிபெயர்த்தாள்.

“உங்க ஊருக்கும் இந்த மாதிரி ஆளுங்க வருவாங்களா?” என்று ஜெயக்கொடி கேட்டார்.

“கோடையில வருவாங்க. குளிர் ஆரம்பிச்சதும் போயிடுவாங்க.”

“இங்க குளிருக்கு வருவாங்க. வெயில் வந்ததும் பூடுவாங்க.”

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“அவங்களேதான் இங்கயும் அங்கயும் போயிகினு கீறாங்க போல,” என்றார் ஜெயக்கொடி.

ஸ்ம்ருதி இதை மொழிபெயர்த்து முடிப்பதற்குள் கெசியா சிரிக்க ஆரம்பித்துவிட்டார். சோற்றுக் கையோடு இரண்டு பெண்களும் வெகுநேரம் சிரித்தார்கள். வாசலில் நின்றிருந்த இயக்குநர், வேடந்தாங்கல் பறவைகளைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று எண்ணி ஒரு குறிப்பு எடுத்துக்கொண்டார்.

ஊர் வேண்டாம் என்று சொல்லிவிட்டது. வேறு நிலையமாக இருந்தால் அதைப் பொருட்படுத்தாமல் கட்டிடத்தைக் கட்டியிருக்கும். நாங்கள் பொருட்படுத்தினோம். சிறுசேரியில் ஒரு ஓட்டலில், ‘வாணாம்: கடலோர மக்களின் மறுப்பு மரபு’ என்ற தலைப்பில் கருத்தரங்கம் நடத்தினோம். அறிஞர்கள் வந்தார்கள். ஜெயக்கொடி முன்வரிசையில் உட்கார்த்தி வைக்கப்பட்டார். கெசியா அவருக்குப் பக்கத்தில்.

ஓர் அறிஞர் எழுந்து, ‘வாணாம்’ என்பதில் நீண்டு ஒலிக்கும் ‘ணா’ ஓர் ஏக்கத்தைக் காட்டுகிறது என்று நிறுவினார். இன்னொருவர் பிரச்சினையின் வேரையே பிடித்துவிட்டார்.

“நம்ம வீட்டுக்கு விருந்தாளி வர்றார். காபி சாப்பிடறீங்களான்னு கேக்கறோம். வேண்டாம்ங்கறார். நாம விட்டுடறோமா? மறுபடி கேக்கறோம். வேண்டாம்ங்கறார். அப்புறம் கொண்டுபோய் வெச்சா குடிக்கறார். தமிழர் பண்பாட்டுல முதல் வேண்டாம் ஒரு மரியாதை. இதுவும் காபி வேண்டாம்தான்.”

கைதட்டல் அடங்கியதும் இயக்குநர் மேடையிலிருந்தே பண்போடு கேட்டார். “ஜெயக்கொடியம்மா, மையம் கட்டிக்கலாமா?”

“வாணாம் சார்.”

“பரவாயில்லைம்மா, தயங்காம சொல்லுங்கோ. கட்டிக்கலாமா?”

“தயங்கலியே. வாணாம்.”

“ரொம்ப சங்கோஜப்படறா,” என்று இயக்குநர் சபைக்கு விளக்கினார்.

கெசியா எழுந்தார். “எங்க ஊர்லயும் சிலர் இப்படித்தான் கேப்பாங்க. வேண்டாம்னா மறுபடி வந்து கேப்பாங்க. கேட்டுக்கிட்டே இருப்பாங்க. அலுத்துப்போய் யாராவது ஒருத்தர் ஒருநாள் சரின்னுடுவார். அதுக்குப் பேரு ‘கலந்தாலோசனை’ன்னு வெச்சிருந்தாங்க. அதை நிறுத்தறதுக்குத்தான் நாங்க சங்கமே வெச்சோம்.” பிறகு, அந்தக் குப்பம் சம்மதிக்கும் வரை இந்தத் திட்டத்தில் தன் பெயரோ படமோ வரக் கூடாது என்று சொன்னார். போகும்போது ஜெயக்கொடியின் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னார். ஸ்ம்ருதி அதை எங்களுக்கு மொழிபெயர்க்க மறுத்துவிட்டாள்.

நிதியாண்டு முடிந்துகொண்டிருந்தது. இயக்குநர் தூங்கவில்லை. கடைசியில் வழி அவர் வீட்டுச் சாப்பாட்டு மேஜையிலேயே இருந்தது. அவர் மனைவியின் தம்பி கேஷவ் ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வந்திருந்தான். சிறுசேரியில் சாஃப்ட்வேர் வேலை, முட்டுக்காட்டுக்குப் பக்கத்தில் எட்டாவது மாடியில் ஃபிளாட். அன்று நானும் அங்கே இருந்தேன்.

“கேஷவ், உன் ஃபிளாட்டுலேர்ந்து கடல் தெரியறதோன்னோ?”

“பெட்ரூம்லேர்ந்து தெரியும் அத்திம்பேர். ஹால்லேர்ந்து எதிர் பில்டிங் மறைக்கறது.”

“அப்போ பெட்ரூம் வரைக்கும் நீ கடலோரச் சமூகம்.”

“எனக்கு நீச்சல்கூடத் தெரியாதே.”

“கடலுக்குள்ள இறங்கச் சொல்லலை. கரையில இருந்தாப் போறும்.”

சுழற்சி முறை என்ற ஜனநாயகக் கோட்பாட்டின்படி ஜெயக்கொடியின் பதவிக்காலம் நிறைவுற்றது. கேஷவ் இணை ஆய்வாளரானான். உப்புக்காற்றில் ஏ.சி.யின் வெளிப்பெட்டி சீக்கிரம் துருப்பிடிக்கிறது என்று அவன் சொன்ன தகவல், கடலோர மக்களின் அனுபவ அறிவாகப் பதிவு செய்யப்பட்டது. மையம் கட்டலாமா என்று நாங்கள் கேட்டு முடிப்பதற்குள் சம்மதித்தான். இதுதான் சமூகத்தின் உண்மையான குரல் என்று இயக்குநர் சொன்னார். அறக்கட்டளையும் மகிழ்ந்து பதில் எழுதிற்று.

ஜெயக்கொடியிடம் செய்தியைச் சொல்ல ஸ்ம்ருதியை அனுப்பினார்கள். அவள் போகவில்லை. பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனவள் வேலைக்குத் திரும்பவும் இல்லை. ஆகவே நான் சந்து முனைக்குப் போனேன்.

“அப்ப நான் சமூகம் இல்லியா?” என்று ஜெயக்கொடி கேட்டார்.

“நீங்க முன்னாள் சமூகம்.”

அவர் எதிரில் நின்றிருந்த ஒரு அம்மாளுக்குச் சங்கரா மீனைச் செதில் சீவிக் கொடுத்தார். கத்தி வழக்கத்தைவிட வேகமாக ஓடிற்று.

முதல் லாரி குப்பத்துக்குப் போனபோது, ஊரே படகுகளை இழுத்துக் குறுக்கே போட்டு மணலில் உட்கார்ந்துவிட்டது. லாரி திரும்பி வந்தது. இயக்குநர் கோபிக்கவில்லை. மீனவர்கள் கடலுக்குப் போயே ஆக வேண்டும் என்பது எங்கள் ஆராய்ச்சியில் தெளிவாகத் தெரிந்திருந்தது. சங்கராவும் வஞ்சிரமும் நிறையக் கிடைக்கிற காலம் வந்தது. படகுகள் எல்லாம் கடலுக்குள் போன ஒரு காலையில், இடம் காலியாக இருந்தது. வேலி போட்டோம்.

அவர்கள் மீனோடு திரும்பினார்கள். ஏற மணல் இல்லை. வடக்கே கற்களைச் சுற்றி ஏறப் பார்த்தார்கள். மற்ற படகுகள் எப்படியோ தப்பின. குணாவின் படகை ஓர் அலை தூக்கிக் கற்களின் மேல் போட்டது. குணாவுக்குத் தோள் எலும்பு உடைந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவரால் அந்தக் கையைக் காதுக்கு மேல் தூக்க முடியவில்லை. கடலுக்கும் போவதில்லை. ஜெயக்கொடி இப்போது வேறு படகுக்காரர்களிடம் மீன் எடுத்து விற்கிறார். எங்கள் சந்து முனைக்கு வருவதில்லை. அலுவலகத்தில் கடலின் மணம் அறவே இல்லை.

விஷயத்தைக் கேள்விப்பட்ட கெசியா, தன் பெயரை நீக்கச் சொல்லித் தன் ஊரிலிருந்து கடிதம் எழுதினார். “அவா பண்பாட்டுல அடக்கம் ஜாஸ்தி,” என்றார் இயக்குநர். நுழைவாயிலில் அவர் பெயரைப் பெரிய எழுத்தில் பொறித்தோம்.

மையம் திறந்துவிட்டது. நீங்களும் வரலாம். கண்ணாடிச் சுவர், பின்னால் காபி கடை எல்லாம் திட்டமிட்டபடியே அமைந்திருக்கின்றன. குணாவின் உடைந்த படகை எடுத்து, ஒட்டுப்போட்டு, வண்ணமடித்து நடுக்கூடத்தில் வைத்திருக்கிறோம். அந்த மணலில் இப்போது நிற்கிற படகு அது ஒன்றுதான். படகு நிறுத்த இடமில்லை என்று அவ்வளவு தகராறு செய்தார்கள். கடைசியில் இடம் கொடுத்தது நாங்கள்தான்.

அதிகம் பேர் கூடுவது ஒலி அரங்கத்தில். அங்கே ஒரு பொத்தான் இருக்கிறது. அழுத்தினால் ஒரு பெண் குரல் கேட்கும்: “வாணாம். சொல்லிட்டேன், வாணாம்.” வெளிநாட்டார் அதன் ஓசை நயத்தில் சொக்கிப்போகிறார்கள். குழந்தைகள் திரும்பத் திரும்ப அழுத்துகிறார்கள். போன வாரம் வந்த ஒரு கல்லூரி மாணவி மட்டும் என்னிடம், “இந்தக் குரலை இங்க வைக்க அவங்ககிட்ட பர்மிஷன் கேட்டீங்களா சார்?” என்றாள்.

வட துருவ முறைப்படி நடக்கிற நிலையத்தைப் பார்த்து இப்படியா கேட்பது. ஒலிப்பதிவுக் கருவியோடு குப்பத்துக்கே நேரில் போய், குரலை மையத்தில் வைத்துக்கொள்ளலாமா என்று ஜெயக்கொடியிடம் நானே முறையாகக் கேட்டேன். அவர் சொன்ன பதில்தான் அது.